மேஜைக்கு மேலே மடிசார்

அத்தியாயம் 17

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி மடிசார் கட்டியிருக்கிறாளா இல்லையா என்ற விஷயம் பதினேழாவது வாரத்தில் ஒரு கல்யாணத்தையே ஆட்டி வைக்கும் என்று, இந்தத் தொடரை ஆரம்பித்தபோது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கோதைநாயகிக்கு நல்ல முழங்கால் தைலமாக ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேன்.

போன வாரம் ஊருக்குப் போய்விட்டு இந்த வாரம் வந்து உட்காருபவர்களுக்காகக் கொஞ்சம். கோதைநாயகியின் மகள் கமலினிக்கும் லக்ஷ்மிகாந்துக்கும் வருகிற வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். பிள்ளையின் அம்மா பத்மாசனி மாமி ஜாதகத்தை இரண்டாவதாகத்தான் பார்த்தாள். முதலில் பார்த்தது கோதைநாயகி கம்ப்யூட்டரில் நடத்தும் பாசுர வகுப்பை. “கேமரா முன்னால கூட மடிசார் கட்டிண்டு உக்கார்ற மாமியோட பொண்ணு, நன்னாத்தான் வளர்ந்திருப்பா” என்று சொல்லித்தான் சம்பந்தத்துக்கே ஒப்புக்கொண்டாள்.

போன அத்தியாயத்தில் வந்த விருந்தில் கமலினியின் தம்பி கோவர்தன் திருக்கண்ணமுதுப் பாயசத்தைத் தொடாமல், போனை எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போனதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

இனி கோதைநாயகியின் ரகசியத்துக்கு வருவோம்.

மடிசார் ஒன்பது கஜம். கோதைநாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம். வாரம் மூன்று நாள் மாலை ஆறரை மணிக்கு, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உள்ளூரிலுமாக நாற்பத்தொரு பேருக்குப் பாசுரம் சொல்லித் தருகிறாள். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் கட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். கரண்ட் இல்லை, முழங்கால் வீங்கியிருந்தது, வகுப்புக்கு ஐந்தே நிமிஷம். மேஜைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. நைட்டிக்கு மேலேயே அரக்கு ஜாக்கெட்டைப் போட்டு, பழைய பட்டுப் புடவையின் தலைப்பை மடிசார் மாதிரியே தோளில் சுற்றி, மூன்று இடத்தில் பின் குத்திக்கொண்டாள்.

மேஜைக்கு மேலே மடிசார். கீழே நீலப் பூப்போட்ட நைட்டி. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று ஆரம்பித்த வழக்கம், நிற்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் போன வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது.

‘உன் பாஸ்வேர்டு அரங்கன்108. சரிதானே? உன் கேமரா பல மாதங்களாக என் கையில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதன் முன்னால் நீ செய்வதெல்லாம் என்னிடம் வீடியோவாக இருக்கிறது. உனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினால் உன் மானம் என்ன ஆகும் என்று யோசி. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் அனுப்பு.’

கோதைநாயகி மெயிலை இரண்டு முறை படித்தாள். குனிந்து நைட்டியைப் பார்த்தாள். பாஸ்வேர்டு அவளுடையதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு புடவை வெப்சைட்டில் போட்டது, அப்புறம் பால் ஆப் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதையேதான் போட்டிருந்தாள். வேறு யாராவது அந்த மெயிலைப் படித்திருந்தால் வேறு எதையாவது நினைத்துப் பயந்திருப்பார்கள். அவளுக்கு அந்த வேறு எதுவும் தோன்றவே இல்லை. கேமராவுக்கு முன்னால் அவள் மறைத்தது ஒன்றே ஒன்றுதான்.

அந்த வீடியோ பத்மாசனி மாமிக்குப் போனால் கமலினியின் கல்யாணம் போச்சு. இந்த நினைப்போடு இரண்டு நாளைத் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. மாலை ஏழு மணியோடு கெடு முடிகிறது.

“ஏன்னா, பிட்காயின்னா என்ன?” என்று காபியைக் கொடுக்கும்போது கணவரிடம் கேட்டாள்.

ராஜகோபாலன் டபராவில் ஆற்றிக்கொண்டிருந்த காபி வேட்டியில் கொட்டியது. அவர் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். தன் முகத்தில் ஓடிய விரிசலை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை.

“அதெல்லாம் எதுக்கு உனக்கு?”

“சும்மாதான். பேப்பர்ல போட்டிருந்தான்.”

“எந்தப் பேப்பர்ல?”

“ஏதோ ஒரு பேப்பர்ல.”

நம்மாத்துக்கு வருவதே ஒரு பேப்பர்தானே, அதில் இல்லையே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து போய் வேட்டியை மாற்றிக்கொண்டார். இவருக்குத் தெரிந்துபோய்விட்டது என்று கோதைநாயகி நினைத்துக்கொண்டாள். இவளுக்குத் தெரிந்துபோய்விட்டது என்று அவரும் உள்ளே நின்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தவள் திடுக்கிட்டாள். கேமராவின் மேல் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அவளுடைய பொட்டு அட்டையிலிருந்து எடுத்தது.

“இதுக்கு யாரு பொட்டு வெச்சது?”

“நான்தான்” என்றார் ராஜகோபாலன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “கண் பட்டுடக் கூடாதோன்னோ.”

“இது வாங்கி ஆறு வருஷம் ஆறது.”

“அதுக்கென்ன? இப்பதான் ரொம்பக் கண் படறது.”

அவள் பொட்டை எடுத்து மேஜை ஓரத்தில் ஒட்டினாள்.

கோவர்தனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், சனிக்கிழமை லீவுதான். தட்டில் தோசையோடு இரண்டு முறை போய்த் தட்டிவிட்டு, கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள்.

“வேண்டாம்மா. பசிக்கல.”

“நேத்தும் இதையேதான் சொன்னே. முகத்தைப் பாரு, ஷேவ் கூடப் பண்ணிக்காம.”

“ப்ராஜெக்ட் இருக்கும்மா. ப்ளீஸ்.”

போன் சிணுங்கிய சத்தம் கேட்டது. அவன் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளியதும் கதவு இடுக்கில் தெரிந்தது. இன்னொரு நாளாக இருந்தால் கோதைநாயகி உள்ளே போய் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அவளுடைய கவலையே அவளுக்கு மலையாக இருந்தது. தோசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பத்மாசனி மாமியின் போன்.

“மாமி, சௌக்யமா? இன்னிக்கு வகுப்புக்கு என் தங்கையும் வரா. கும்பகோணத்துலேர்ந்து நேத்துதான் வந்தா. அவளண்டை உங்க மடிசார் கட்டைப் பத்திச் சொல்லிண்டே இருக்கேன். தலைப்பு ஒரு இம்மி கூட நகராது, எப்படித்தான் கட்டறேளோ!”

மூன்று பின் குத்தினால் எங்கே நகரும்?

“ஏதோ... பழக்கந்தான் மாமி.”

“கல்யாணத்தன்னிக்குக் கமலினியையும் மடிசார்ல பாக்கணும். தாயாரைப் போலவே இருக்கணும், என்ன?”

போனை வைத்ததும் கோதைநாயகி பீரோவைத் திறந்து ஒன்பது கஜத்தை எடுத்தாள். இன்றைக்காவது ஒழுங்காகக் கட்டிவிடலாம். கொசுவத்தைப் பின்னால் வாங்கிச் செருகக் குனிந்தபோது முழங்கால் சுரீர் என்றது. கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது: இன்றைக்குக் கட்டினால் இரண்டு வருஷத்து வீடியோ அழிந்துவிடுமா?

பாதிப் புடவை மடியில் கிடக்க ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பணம் அனுப்ப அவளுக்கு வழி தெரியாது, தெரிந்தாலும் அனுப்பமாட்டாள். இரண்டு நாளாக அவள் யாருக்குப் பயப்படுகிறாள்? முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு. பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, வரன் பார்த்தது எல்லாம் நாங்கள். நடுவில் இவன் யார் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் முழங்கால் வலிகூடக் கொஞ்சம் தெரியாமல் போனது. ஒன்பது கஜத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, அந்த நீலப் பூப்போட்ட நைட்டியையே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறரை மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. வழக்கம்போல மேலே மட்டும் மடிசார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நாற்பத்தொரு பேர். மேல் வரிசையில் பத்மாசனி மாமி, பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவள் தங்கை.

ஆறு ஐம்பதுக்குக் கோதைநாயகி சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்கோ. ஒருத்தன் என்னை மிரட்டி மெயில் போட்டிருக்கான். பணம் கொடுக்கலேன்னா ஏழு மணிக்கு உங்க எல்லாருக்கும் என் வீடியோவை அனுப்புவானாம். அவன் அனுப்பறது என்ன, நானே காமிச்சுடறேன்.”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். லேப்டாப்பின் தலையைக் கீழே சாய்த்தாள்.

நைட்டி. நீலப் பூ. கீழே ஹவாய்ச் செருப்பு.

“எனக்கு முழங்கால் முடியலே. ரெண்டு வருஷமா இப்படித்தான். உங்களையெல்லாம் ஏமாத்தினது தப்பு, க்ஷமிக்கணும். பாசுரத்துல ஒரு எழுத்துகூட நான் ஏமாத்தலே.”

முதலில் நியூஜெர்சியிலிருந்து ஸ்ம்ருதி என்ற பெண் எழுந்து நின்றாள். மேலே பட்டுப் புடவைத் தலைப்பு, கீழே கரடி பொம்மை போட்ட பைஜாமா.

“மாமி, அடியேனும்.”

சிங்கப்பூர் மாமா ஒருவர், மேலே உத்தரீயமும் பன்னிரண்டு திருமண்ணுமாகத் தினமும் முதல் ஆளாக வருபவர், எழுந்து நின்றார். கீழே தென்னைமரம் போட்ட பெர்முடா. அவர் மனைவி பின்னாலிருந்து சிரித்த சிரிப்பு இங்கே ஸ்ரீரங்கம் வரை கேட்டது. “மாமி, நான் மூணு மாசமா படுத்துண்டேதான் கேக்கறேன்” என்றது வீடியோவே போடாத ஒரு குரல். கட்டத்துக்குக் கட்டம் ஆட்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள்.

கோதைநாயகி மேல் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாசனி மாமி சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். கட்டம் கறுத்தது. பத்மாசனி மாமி வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டாள் என்று கீழே ஒரு வரி எழுத்து வந்து போனது.

வகுப்பை முடித்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் ராஜகோபாலன். கையில் தீர்த்தச் செம்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

“உனக்குமா வந்தது?” என்றார்.

“உங்களுக்குமா?”

“வியாழக்கிழமை. ஏழு மணிக்கு.”

“நீங்க அப்படி என்ன பண்ணேள்?”

ராஜகோபாலன் செம்பைக் கீழே வைத்தார். “போன ஏகாதசிக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“சொல்லுங்கோ.”

“நீ கோயிலுக்குப் போயிருந்தே. நான் இந்த லேப்டாப்புல பெருமாள் சேவை பாத்துண்டு இருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வரச்சே ஒரு பொட்டலம் வாங்கிண்டு வந்திருந்தேன்.”

“என்ன பொட்டலம்?”

“வெங்காயப் பக்கோடா.”

“ஏகாதசி அன்னிக்கா! பெருமாளைப் பாத்துண்டேவா!”

“சூடா இருந்துதுடி” என்றார் அவர் பரிதாபமாக. “அதுக்குத்தான் கேமராவை மூடினேன்.”

இந்த நேரத்தில்தான் கமலினி தில்லைநகர் வங்கிக் கிளையிலிருந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்பா அம்மாவின் மெயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது.

“ரெண்டும் ஒரே லெட்டர்மா. வரிக்கு வரி. உங்க பாஸ்வேர்டு மட்டுந்தான் மாறியிருக்கு. எங்கேயோ எப்பவோ திருட்டுப் போன பாஸ்வேர்டை வெச்சுண்டு, லட்சம் பேருக்கு ஒரே நேரத்துல போடுவான். அவன் கிட்டே வீடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாஸ்வேர்டை மாத்தணும், பதில் போடக் கூடாது. அவ்வளவுதான்.”

“நைட்டியைப் பாக்கலியா அவன்?”

“பக்கோடாவையும் பாக்கலேம்மா.”

“அப்போ நான் அத்தனை பேர் முன்னால எழுந்து நின்னது?” என்று கேட்ட கோதைநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “கமலி, உன் மாமியார் பாத்துட்டுப் போயிட்டாடி. உன் கல்யாணத்தை நானே...”

“நைட்டிக்காக நிக்கற கல்யாணம்னா நிக்கட்டுமே” என்றாள் கமலினி. சொன்ன பிறகு அவள் முகமும் கொஞ்சம் வாடித்தான் போனது. லக்ஷ்மிகாந்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

“அம்மா.”

கோவர்தன் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். நாலு நாள் தாடி, கையில் போன்.

“நீ பேசினதெல்லாம் உள்ளே கேட்டுண்டு இருந்தேன்” என்றான். “நானும் எழுந்து நிக்கணும்மா.”

மூவரும் திரும்பினார்கள்.

“எனக்கு வந்திருக்கிறது பொய் இல்ல. அவா கிட்டே நிஜமாவே இருக்கு.”

நின்றபடியே சொன்னான். பத்து நாளைக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். போன செவ்வாய்க்கிழமை வீடியோ கால். “அதுல நான் முட்டாள்தனமா...” என்று நிறுத்தினான். மேலே யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் அவனுடைய படமே அவனுக்கு வந்தது. இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டான். அனுப்ப அனுப்பக் கேட்கிறார்கள். இன்றைக்கு எட்டு மணி வரை கெடு. இல்லாவிட்டால் யார் யாருக்குப் போகும் என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறார்கள்.

கமலினி போனை வாங்கிப் பார்த்தாள். அம்மா, அப்பா, கமலி. நாலாவது பெயர் பத்மாசனி மாமி. வகுப்பில் சேர அவளுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தவனே கோவர்தன்தான், அப்படித்தான் அவள் நம்பர் அவன் போனில் இருந்தது.

“அக்கா, உன் கல்யாணம்...” என்றவன் அம்மா பக்கம் திரும்பினான். “நேத்து சாயந்தரம் கொள்ளிடம் பாலத்துல ரொம்ப நேரம் நின்னுண்டு இருந்தேம்மா. அப்புறம் திரும்பி வந்துட்டேன்.”

கோதைநாயகிக்குக் காலையில் கையில் தோசைத் தட்டோடு இந்தக் கதவிலிருந்து திரும்பிப் போனது ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக அவள் ஒரு நைட்டிக்காகத் தூங்காமல் கிடந்தாள், அடுத்த அறையில் பிள்ளை இப்படி இருந்திருக்கிறான். முழங்கால் வலியோடு நாலே எட்டில் அவனிடம் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியோன்னோ. அது போதும்” என்றாள். “இனிமே எங்கேயும் தனியா நிக்காதே.”

ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கோடா சாப்பிட்டவரின் முகம் இல்லை இப்போது அது, பழைய இன்ஸ்பெக்டர் முகம்.

“கமலி, என்ன பண்ணணும்? வரிசையாச் சொல்லு.”

“இனிமே பைசா அனுப்பக் கூடாது. பதில் போடக் கூடாது. எதையும் அழிக்காதேடா, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு. பணம் போன விவரத்தை எடுத்து வை. அப்பா, 1930க்குப் போன் போடுங்கோ. சைபர் க்ரைம். எங்க பேங்க்குக்கு மாசம் ரெண்டு பேராவது இப்படி வந்து அழறா, இவன் ஒண்ணும் முதல் ஆள் இல்ல.”

“நிஜமாவா அக்கா?”

“எழுபது வயசு மாமா ஒருத்தர்கூட வந்தார்டா. நீ பரவாயில்லே.”

கோவர்தன் நாலு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பாதிச் சிரிப்புச் சிரித்தான். கண்ணீரும் வந்தது. அம்மா மணிக்கட்டை விடாததால் இடது கையால் துடைத்துக்கொண்டான்.

ராஜகோபாலனுக்கு இணைப்புக் கிடைத்துவிட்டது. “நமஸ்காரம். ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேன். என் பிள்ளை...” என்று தொடங்கித் தயங்கினார். தப்புப் பண்ணிவிட்டான் என்று சொல்லப் போகிறாரோ என்று கோவர்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

“என் பிள்ளைக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கு. அவன் என் பக்கத்துலதான் இருக்கான்” என்றார்.

மேஜை மேல் இருந்த கோதைநாயகியின் போன் ஒலிக்கத் தொடங்கியது. ஏழு இருபது. வீடியோ கால். திரையில் பெயர்: பத்மாசனி மாமி.

கோவர்தன் எட்டிப் பார்த்தான். “எட்டு மணின்னானே... அனுப்பிட்டான்மா.”

“நைட்டி விஷயமாவும் இருக்கலாம்டா” என்றாள் கமலினி. எதற்காக இருந்தாலும் பயமாகத்தான் இருந்தது.

ராஜகோபாலன் போனைக் காதில் வைத்தபடியே, எடுக்காதே என்று கையைக் காட்டினார். கமலினி அப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“எடும்மா” என்றாள்.

தோளில் இருந்த மூன்று பின்னையும் கோதைநாயகி ஒரு கையாலேயே கழற்றினாள். பட்டுத் தலைப்பு நாற்காலியில் சரிந்து விழுந்தது. இன்னொரு கை மகனின் மணிக்கட்டிலேயே இருந்தது. போனை முகத்துக்கு நேராக எடுத்து, நைட்டியோடும் பிள்ளையோடும் சேர்ந்தே தெரியும்படி தள்ளிப் பிடித்தாள்.

“சொல்லுங்கோ மாமி” என்றாள். “நாங்க எல்லாரும் இங்கேதான் இருக்கோம்.”